கோலத்துக்குக் கோலம் நின்ற மேஜர்

வருஷத்தில் பன்னிரண்டு மாதம் இருக்க, சொல்லிவைத்தாற்போல மார்கழியில், கையில் ஒரு நாயோடு ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்த ஒரே பினாங்குக்காரன் நானாகத்தான் இருப்பேன். கப்பல் எப்படி ஆடியது, சுங்கத்தில் எத்தனை கையெழுத்து வாங்கினார்கள் என்பதையெல்லாம் எழுதி உங்களைப் படுத்தப்போவதில்லை. நேராகத் திருச்சி ஜங்ஷனுக்கு வந்துவிடுகிறேன்.

மேஜர் என்பது நாயின் பெயர். லாப்ரடார் சாதி, கோதுமை நிறம், இரண்டு வயது. கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டப் பழக்கப்பட்டவன். எட்டு வாரக் குட்டியாக இருந்தவனை வளர்த்து ஆளாக்கியவன் நான். இதை இந்தக் கட்டுரையில் அடிக்கடி சொல்லிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளாட்பாரத்தில் கால் வைத்ததுமே கூட்டம் சேர்ந்துவிட்டது. "சிங்கக்குட்டியாங்க?" என்றார் ஒருவர். "கடிக்குமா?" என்றார் இன்னொருவர். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மேஜரைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டு, "இங்கிலீஷ் பேசுமா?" என்று கேட்டார்.

"பேசாதுங்க. ஆனா நல்லாப் புரியும்."

"எங்க வீட்டுப் பையனுக்கு நேர் எதிரா இருக்கே" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

ஜட்கா வண்டியில் ஏறினால் குதிரை நகர மறுத்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தது. "பின்னால என்ன ஏறியிருக்குன்னு தெரியாம ஓடாதுங்க, சந்தேகப் பிராணி" என்றார் வண்டிக்காரர். மேஜரை இறக்கி, குதிரையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இருவரும் மூக்கோடு மூக்கு வைத்துப் பேசி முடித்த பிறகுதான் வண்டி கிளம்பியது. காவிரிப் பாலத்தில் மேஜர் எழுந்து நின்று ஆற்றுக் காற்றை அப்படியே விழுங்கினான். எனக்கும் கத்த வேண்டும்போல இருந்தது. வண்டிக்காரர் என்ன நினைப்பாரோ என்று அடக்கிக்கொண்டேன்.

அக்கா வீட்டு வாசலில் முதலில் வந்தது காபி. பினாங்கில் நாங்கள் குடிப்பது துணிப்பையில் வடிகட்டி, டின் பால் ஊற்றிய கறுப்புச் சமாசாரம். கரண்டியை நட்டால் நிற்கும். இங்கே டவராவில் நுரை கட்டிக்கொண்டு வந்தது. இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மூன்றாவதற்குக் கையை நீட்டினேன். "ராத்திரி தூங்க வேணாமாடா?" என்றாள் கமலம் அக்கா. அப்போது காலை பத்து மணி.

இனி நான் வந்த காரியம். அத்தான் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் தமிழ் வாத்தியார். நான்கு வருஷத்துக்கு முன்னால் கண்ணில் நோய் வந்து பார்வை முழுதும் போய்விட்டது. பாடமெல்லாம் மனப்பாடம் என்பதால் வேலை தப்பியது. ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அவரைக் கூட்டிப்போவது அக்கா. சாயங்காலம்வரை பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து கூட்டி வருவதும் அக்கா. ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புவரை எல்லாத் தமிழ்ப் பாடமும் அவளுக்கு இப்போது தலைகீழாகத் தெரியும்.

அக்கா எப்போதோ ஆசிரியப் பயிற்சி முடித்தவள். அந்தப் படிப்புக்கு இத்தனை காலம் கழித்து இப்போது ஓர் உத்தரவு வந்திருந்தது: லால்குடியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை வேலை. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். லால்குடி ஒரு திசை, மெயின்கார்டு கேட் எதிர்த்திசை. நான் வந்து இறங்கியது சனிக்கிழமை. ஒன்பது நாளில் அத்தானும் மேஜரும் தனியாகப் போய்வரப் பழகிவிட்டால் அக்காவுக்கு வேலை. இல்லையென்றால் வேப்பமரம்.

"ஒன்பது நாள் எதுக்கு, மூணு நாள் போதும்" என்று நான் வீரம் பேசினேன். மேஜரை வளர்த்தவன் அல்லவா!

அவனை வளர்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்க்கும் கம்பெனி மானேஜரின் மனைவி, மிஸஸ் ஹார்ட்லி, தம் ஊரில் இப்படிப்பட்ட குட்டிகளை வளர்த்துக் கொடுத்தவர். பினாங்கில் தம் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை என்னிடம் தள்ளிவிட்டு, "மணி, இவனுக்கு உலகத்தைக் காட்டு" என்றார். காட்டினேன். மீன் மார்க்கெட், படகுத்துறை, சீன வருஷப் பிறப்புப் பட்டாசு, தைப்பூசத்து மேளம் எல்லாம் காட்டினேன். எதற்கும் பயப்படக்கூடாது, தரையில் கிடப்பதைத் தின்னக்கூடாது, ஆள்மேல் பாயக்கூடாது. இந்த மூன்றையும் அவன் கற்றுக்கொள்வதற்குள் என் மனைவியின் செருப்பு நான்கு ஜோடி, என் குடை ஒன்று, கம்பெனிப் பேரேடு ஒன்று அவன் வயிற்றுக்குள் போயின.

பிறகு சேணம். முதுகில் தோல் பட்டை, அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டுதான் கண் தெரியாதவர் நடப்பார். சேணம் போட்டால் வேலை, கழற்றினால் விளையாட்டு. பாதிப் பயிற்சியில் ஹார்ட்லி தம்பதியர் ஊருக்குப் போய்விட்டார்கள். மீதியை அவர் எழுதிக் கொடுத்த நோட்டை வைத்து நானே முடித்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடைசிப் பரீட்சை இருந்தது: குட்டியை வளர்த்தவர் வழியில் குறுக்கே நிற்க வேண்டும். நாய் அவரையும் ஒரு கம்பமாக நினைத்துச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பக்கம் வந்தாலே நோட்டை மூடி வைத்துவிடுவேன். கப்பல் ஏறும்போது என் மனைவி வேறு, "அழுதுட்டு வராதீங்க, பாக்கறவங்க சிரிப்பாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் ஒத்திகை. அத்தான் கைப்பிடியைப் பிடித்தார். "ஃபார்வர்டுன்னு சொல்லுங்க அத்தான்" என்றேன்.

"நான் தமிழ் வாத்தியார், மச்சான். என் வாயால ஃபார்வர்டா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "மேஜர்! செல்க!"

மேஜர் ஒரு வினாடி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். சென்றான். தெருக்கோடிவரை போய், திரும்பி வந்தார்கள். வழியில் படுத்திருந்த ஒரு மாட்டைச் சுற்றினான், ஒரு குழியைத் தவிர்த்தான். அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான்கு வருஷமாக யார் தோளையாவது பிடித்து நடந்தவர், கையை வீசிக்கொண்டு நடந்தார். வாசலில் நின்ற அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் மூவருக்கும் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை, பேச்சுதான்.

மறுநாள் திங்கட்கிழமை காலை விடிந்தது பாருங்கள்.

அக்கா வீடு இருப்பது கோயிலின் வெளிச்சுற்றில் ஒரு தெரு. தெருமுனையில் மொட்டைக் கோபுரத்துப் பக்கம் பஸ் நிற்கும். நடுவில் முப்பத்தெட்டு வீடு. ஐந்து நிமிஷ நடை. ஏழே முக்காலுக்கு அத்தானும் மேஜரும் வாசல்படி இறங்கினார்கள். நான் பத்தடி பின்னால். வாசலில் அக்கா போட்டிருந்த கோலத்தின் விளிம்பில் மேஜர் டக்கென்று உட்கார்ந்தான்.

"படி இருக்கா?" என்று அத்தான் காலால் தடவினார். ஒன்றும் இல்லை. "செல்க." இரண்டடி. கோலத்தின் அடுத்த விளிம்பு. உட்கார்ந்தான். "செல்க." அடுத்த வீட்டுக் கோலம். உட்கார்ந்தான்.

நான்காவது வீட்டில் எனக்கு உண்மை உறைத்தது. 

இந்த நாய்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம், நடைபாதை முடிகிற விளிம்பில் நிற்பது. பினாங்கு டவுனில் விளிம்பு இருக்கிறது. நான் குடியிருக்கும் சந்தில் ஏது? மிஸஸ் ஹார்ட்லி போன பிறகு, தினமும் டவுனுக்குப் போகச் சோம்பல்பட்டு, சுண்ணாம்பைக் கரைத்து வீட்டு முன்னால் வெள்ளைக் கோடு கோடாகப் போட்டேன். கோட்டில் வந்து நின்றால் "சபாஷ்" என்று முதுகைத் தட்டுவேன். மூன்று மாதம் இப்படி. மேஜருக்கு உலகத்தில் சந்தேகமே இல்லாத ஒரு விஷயம் உண்டென்றால், அது தரையில் வெள்ளைக் கோடு வந்தால் நிற்க வேண்டும் என்பதுதான்.

அவனை நான் கூட்டி வந்திருப்பது மார்கழி மாதத்து ஸ்ரீரங்கத்துக்கு! தெரு முழுக்க, சுவர் முதல் சுவர்வரை, விடியுமுன் எழுந்து குனிந்து குனிந்து போட்ட கோலங்கள். நடுநடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூ. முந்தின நாள் ஒத்திகையின்போது அத்தனையும் வண்டியிலும் காலிலும் பட்டு அழிந்து போயிருந்திருக்கிறது. சாயங்காலம் ஒத்திகை வைத்த என் புத்தியை என்னவென்று சொல்ல!

நாய் நின்றால் அத்தான் காலால் தடவிப் பார்த்தே ஆக வேண்டும். இன்று அலட்சியமாகப் போனால் நாளை உண்மையான சாக்கடை முன்னால் நிற்கும்போதும் அலட்சியமாகப் போவார். ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கும் நின்று, தடவி, "செல்க" சொல்லி, எட்டு மணி பஸ் போய், எட்டரை மணி பஸ் போய், ஒன்பது மணி பஸ்ஸும் போய்விட்டது.

அதற்குள் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பதினோராவது வீட்டு ரங்கநாயகி மாமி கையில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாருங்கோடி, பாருங்கோ! நம்மாத்துக் குழந்தைகளே கோலத்தை மிதிச்சுண்டு ஓடறதுகள். வாயில்லா ஜீவன், ஒவ்வொரு கோலத்துக்கும் நின்னு சேவிச்சுட்டுப் போறது. முன்ஜென்மத்துல பெருமாளுக்குக் கைங்கர்யம் பண்ணின ஆத்மாடி இது!"

நான் வாயைத் திறப்பதற்குள் நான்கு பேர் மேஜருக்குக் கைகூப்பிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தெருவைத் தாண்டிவிட்டால் மேஜர் புலி. பஸ்ஸில் கண்டக்டர், "இதுக்கு ஆள் டிக்கெட்டா, லக்கேஜா?" என்று தலையைச் சொறிந்தார். பின் சீட்டிலிருந்து ஒரு வாழைக்காய் வியாபாரி, "வாத்தியாருக்குக் கண்ணு அதுதானய்யா. கண்ணுக்குத் தனியா டிக்கெட் கேப்பியா?" என்று அதட்டினார். பஸ்ஸே ஆமாம் போட்டது. மெயின்கார்டு கேட்டில் ஜட்காவுக்கும் மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவே மேஜர் அத்தானை எண்ணெய் போட்டதுபோலக் கொண்டுபோனான். ஒரே ஒரு தடவை, பினாங்கில் கடைகளுக்கு முன்னால் இருக்கும் தாழ்வார நடைபாதை ஞாபகத்தில், ஒரு பாத்திரக் கடைக்குள் ஏறிவிட்டான்.

"வாங்க சார், என்ன வேணும்?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. நாய்தான் பாக்க வந்திருக்கு" என்றார் அத்தான்.

அந்தப் பழக்கம் இரண்டே நாளில் போய்விட்டது. தெருதான் தகராறு. செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் கோலங்கள் முந்தின நாளைவிடப் பெரிதாக இருந்தன. திங்கட்கிழமை மேஜர் இரண்டு தடவை உட்கார்ந்த ஒரு வீட்டில், அன்று மத்தியானமே பிள்ளைக்கு பம்பாயில் வேலை கிடைத்ததாகத் தபால் வந்துவிட்டதாம். அவ்வளவுதான். எங்கள் வீட்டு வாசலில் நிற்கட்டும் என்று ஒவ்வொருவரும் கரைக்கு மேல் கரை கட்டிக் கோலத்தை இழுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் மேஜருக்கென்று வெண்பொங்கல் வைத்திருந்தார்கள். சேணத்தோடு இருக்கும்போது அவன் தின்ன மாட்டான். "விரதம் வேற இருக்கு!" என்று அதற்கும் ஒரு கும்பிடு. பொங்கலை நான் தின்றேன். முந்திரியும் நெய்யுமாக, அந்தக் கவலையிலும் பிரமாதமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

புதன்கிழமை மாமியிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். "மாமி, அது பக்தி இல்லீங்க. நான் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தப்பாப் பழக்கிட்டேன்."

மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீர் பழக்கினீர், சரி. எத்தனையோ ஊர் இருக்க, அது ஸ்ரீரங்கத்துக்கு ஏன் வந்துது? அதைச் சொல்லும்."



அன்றும் மறுநாளும் கொல்லைப்புறத்தில் பழக்கத்தை மாற்றப் பார்த்தேன். அக்காவின் கோலப்பொடியை எடுத்து நானே கோலம் போட்டு, அதன் மேல் மேஜரை நடத்தினேன். என் கோலத்தைப் பார்த்து அக்கா, "இது என்னடா, நண்டு செத்துக் கிடக்கிற மாதிரி?" என்றாள். மேஜர் அந்த நண்டின் ஓரத்திலும் உட்கார்ந்தான். உட்கார்ந்துவிட்டு, சபாஷ் எங்கே என்று வாலை ஆட்டினான். மூன்று மாதம் சொல்லிக்கொடுத்ததை இரண்டு நாளில் மறக்கச் சொன்னால் எப்படி மறப்பான்? வேறு தெரு வழியாகப் போகலாம் என்றால் எல்லாத் தெருவிலும் மார்கழிதான். தை பிறந்தாலும் கோலம் இல்லாத காலை ஸ்ரீரங்கத்தில் ஏது?

வெள்ளிக்கிழமையும் அதே கதை. அத்தான் ஐந்து நாளும் முதல் பீரியடுக்குப் போகவில்லை. ஹெட்மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லையாம். ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் அத்தானைச் சுட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கூடத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். "சொந்தக் காரணங்களால் பணியில் சேர இயலாமைக்கு வருந்துகிறேன்" என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

"என்னக்கா இது?"

"பரவால்லடா. வேப்பமரம் பழகிப்போச்சு. நீ மூஞ்சிய தொங்கப்போடாத, தோசை வாக்கறேன் வா" என்று சிரித்தாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. என் சோம்பலுக்கு அவள் விலை கொடுக்கிறாள் என்று நினைத்தபோது தட்டைத் தள்ளி வைத்தேன். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. அத்தான் எதிரே உட்கார்ந்து தோசையை விண்டு விண்டு வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா அம்மாமண்டபத்துக்குக் குளிக்கப் போனதும் அத்தான், "மச்சான், மேஜருக்குச் சேணத்தைப் போடு" என்றார்.

"இன்னிக்கு ஸ்கூல் இல்லையே அத்தான்?"

"எப்படியும் எல்லா வாசல்லயும் நிக்கத்தானே போறான்? நிக்கற எடத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன். நாலு வருஷமா கமலம் நடத்தினா, நான் நடந்தேன். இது ஒண்ணாவது நானே கேக்கணும்."

எனக்கு அப்படியே மேஜரைத் தூக்கி முத்தமிட வேண்டும்போல இருந்தது. மேஜர் வழக்கம்போல அடுத்த வீட்டுக் கோலத்தில் உட்கார்ந்தான். அத்தான் அந்த வாசலைப் பார்த்துத் திரும்பிக் கைகூப்பினார்.

"அம்மா, யாராவது இருக்கீங்களா? இதே தெருத் தமிழ் வாத்தியாருங்க. இந்த நாய் பக்தியில நிக்கலை, வெள்ளைக் கோட்டைப் பாத்து நிக்குது. எங்க வீட்டுல கமலம் நாலு வருஷமா எனக்காகப் பள்ளிக்கூடத்து மரத்தடியில உக்காந்திருக்கா. நாளைக்கு அவ லால்குடியில வேலைக்குச் சேரணும். நான் தனியாப் போகத் தெரிஞ்சாத்தான் அவ போக முடியும். சுவரோரமா ஒரு முழம் மட்டும் கோலம் இல்லாம விட்டீங்கன்னா, நான் என் வழிக்குப் போவேன், அவ அவ வழிக்குப் போவா."

அதே வார்த்தைகள், வீட்டுக்கு வீடு. மேஜர் ஒரு வாசலைக்கூட விடவில்லை. எந்தப் பழக்கத்தை நினைத்து ஐந்து நாள் தலையில் அடித்துக்கொண்டேனோ, அதையே அன்று அச்சுப் பிசகாமல் செய்தான். சிலர் "பாக்கலாம்" என்றார்கள். சிலர் உள்ளே போய்விட்டார்கள். ஆனால் மாமி என்ன சொல்வாள் என்று எல்லோர் கண்ணும் பதினோராவது வீட்டைத்தான் பார்த்தன.

மாமி முழுதும் கேட்டாள். "மார்கழிக் கோலத்தைச் சுருக்கச் சொல்றேள்" என்றாள்.

"ஆமாங்க" என்றார் அத்தான்.

மாமி கோலப்பொடிக் கிண்ணத்தைத் திண்ணையில் வைத்தாள்.  பிறகு தெருவே கேட்கும்படி பேசினாள்: "கமலம் இத்தனை நாள் மரத்தடியிலயா உக்காந்திருந்தா? வாத்தியாரோட அவளுக்கும் அங்க உத்தியோகம்னு நான் நெனச்சுண்டிருந்தேன். ஏன் ஓய், இதை மொதல்லயே சொல்லக் கூடாதோ? பெருமாள் புறப்பாடாகி வரச்சே மொத்தக் கோலமும் அழியறது, நாம சந்தோஷமாத்தானே வழி விட்டுண்டு நிக்கறோம்? ஒரு முழம் என்ன, ஒன்றரை முழம் விடறோம்." அத்தான் நன்றி சொல்வதற்குள் விரலை நீட்டினாள். "ஆனா ஒண்ணு. அதுக்குப் பக்தி இல்லேன்னு மட்டும் இன்னொரு தரம் சொல்லாதேங்கோ!"

திங்கட்கிழமை காலை வாசல் கதவைத் திறந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். தெரு நெடுகக் கோலங்கள், பூசணிப்பூக்கள் எல்லாம் இருந்தன. சுவரோரமாக மட்டும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, சாணி தெளித்த வெறும் தரை. தெருவுக்கே வகிடு எடுத்துவிட்டதுபோல இருந்தது.

"யாருடா சொன்னது?" என்றாள் அக்கா.

"அத்தானைக் கேளு" என்றேன். அவர் கேட்காததுபோலச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேஜர்! செல்க!"

போனார்களே பார்க்கலாம்! கோட்டின் பக்கமே திரும்பாமல், வகிட்டில் நேராக, தேர் கிளம்பியதுபோல. நானும் அக்காவும் ஓட வேண்டியிருந்தது. பதினோராவது வீட்டில் மட்டும் மேஜர் சட்டென்று உட்கார்ந்தான். வகிட்டின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு குட்டிக் கோலம்!

"ஒரே ஒரு தரம், கோச்சுக்காதேங்கோ. என் பொண்ணுக்குக் கல்யாணம் குதிரணும்" என்று மாமி மேஜருக்கு அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காலாலேயே அதை அழித்தாள். அத்தான் சிரித்துக்கொண்டே, "செல்க" என்றார்.

நான் குறுக்குச் சந்து வழியாக ஓடி, அவர்களுக்கு முன்னால் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அக்காவும் கையில் பையோடு என் பின்னாலேயே அங்கே வந்து நின்றாள். லால்குடி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. "அவங்க பஸ் ஏறினதைப் பாத்துட்டுத்தான் நான் ஏறுவேன்" என்றாள். பையில் உத்தரவும் இருந்தது, அந்தக் கடிதமும் இருந்தது. எது வெளியே வரும் என்பது அடுத்த இரண்டு நிமிஷத்தில் இருந்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தை இனியும் மூடி வைக்க முடியாது. நான் போய் வழியின் நடுவே நின்றேன்.

மேஜர் என்னைப் பார்த்துவிட்டான். தூரத்திலேயே தெரிந்தது. வால் ஒரு தரம், ஒரே ஒரு தரம், மேலே போனது. வாடா என்று என் கையெல்லாம் துடித்தது. செருப்பைத் தின்ற பயல், குட்டியில் இடி இடித்தால் என் வேட்டிக்குள் புகுந்துகொண்ட பயல். நான் அசையவில்லை. அவன் வால் இறங்கியது. வலது பக்கம் ஒதுங்கி, அத்தானுக்கும் சேர்த்து இடம் பார்த்து, நின்ற மாட்டு வண்டியைச் சுற்றுவதுபோல என்னைச் சுற்றினான். அத்தானின் தோள் என் தோளில் லேசாக உரசியது.

"மன்னிக்கணுங்க" என்றார் அத்தான், மரியாதையாக.

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன சத்தம் வந்திருக்குமோ தெரியாது.

அவர்கள் பஸ் ஏறினார்கள். அதே கண்டக்டர் கை கொடுத்தார். பஸ் நகர்ந்ததும் அக்கா பையைத் துழாவிக் கடிதத்தை என் கையில் திணித்தாள். "கிழிச்சுப் போடுடா!" என்று சொல்லிக்கொண்டே ஓடி லால்குடி பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலில் அவள் கை மட்டும் தெரிந்தது. ஆட்டிக்கொண்டே போனாள்.

சாயங்காலம் அத்தானும் மேஜரும் தனியாகத் திரும்பி வந்தார்கள். சேணத்தைக் கழற்றியதுதான் தாமதம், பழைய பயல் என்மேல் பாய்ந்து, தள்ளி, முகமெல்லாம் நக்கி, என் சட்டைப் பொத்தான் ஒன்றைத் தின்றுவிட்டான். அக்கா புடவை முழுக்கச் சாக்பீஸ் தூளோடு வந்தாள். அதைத் தட்டிவிட மனம் வராமல் அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சாப்பாட்டின் நடுவில் அத்தான் பொரிந்து தள்ளினார். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு கமலம். காலையில பஸ் கிட்ட ஒரு ஆளு, வழியில நட்டுவெச்ச கம்பமாட்டம் நிக்கறான். இடிச்சுட்டேனேன்னு மன்னிப்புக் கேக்கறேன், ஒரு பதில் கிடையாது. என்ன திமிரு பாரு!"

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. நான் குனிந்து ரசத்தைக் குடித்தேன்.

வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், நான் அழவில்லை என்று முதல் வரியிலேயே ஒரு பொய்யை எழுதினேன். அடுத்த வரி உண்மை: "இன்றைக்கு மேஜர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை."